முத்தையா என்று யாரும் இல்லை

லோகு எழுத உட்கார்ந்தால் வீட்டில் டிவி அணைந்துவிடும். அவர் சொல்லி அல்ல. மனைவி சாந்தாமணியே எழுந்துபோய் அணைத்துவிடுவாள். குந்தா மின்நிலையக் குடியிருப்பில் அவர்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டி ஒரு சின்ன மேஜை உண்டு. ஷிப்ட் முடிந்து வந்து, வெந்நீரில் முகம் கழுவி, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் அங்கே உட்கார்ந்துவிடுவார்.

நாற்பத்தெட்டு வயதில் அவர் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிறவர்களுக்காக ஊட்டியில் ஒரு கல்லூரி சனி, ஞாயிறுகளில் நடத்திய வகுப்பு அது. அந்தப் பட்டத்தால் பதவி உயர்வோ சம்பள உயர்வோ வரப்போவதில்லை. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால், பி.ஏ. முதல் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டுப் பத்தொன்பது வயதில் வாரிசு வேலையில் மின்நிலையத்துக்கு வந்தவர் லோகு. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று பல வருடம் மனசுக்குள் வைத்திருந்து, தபால் வழியில் பி.ஏ.வை முடித்து, அதற்குமேல் இதில் சேர்ந்திருந்தார்.

கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது, குந்தாவில் அணையும் சுரங்கமும் கட்ட வந்த கூலிக் குடும்பங்களின் கதை. ஒரு வருடம், ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம், மஞ்சூரிலும் சுற்றுப்புறத் தொழிலாளர் லைன் வீடுகளிலும் மிச்சமிருந்த வயசாளிகளைத் தேடிப்போய் உட்கார்ந்தார். கேட்டதையெல்லாம் எழுதி இரண்டு நீள நோட்டுகள் நிறைந்தன.

பொங்கல் லீவுக்கு மகள் ராஜப்ரியா கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு. ஊருக்குக் கிளம்பும்போது லோகு அந்த இரண்டு நோட்டுகளையும் ஒரு துணிப்பையில் வைத்து அவளிடம் நீட்டினார்.

"ஏங்கண்ணு, இதைக் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தருவியா? இங்க அடிக்கறவங்க தமிழ்ல கண்டபடி தப்பு உடறாங்க."

"குடுங்ப்பா. மார்ச்சுக்குள்ள வேணுமாக்கும்?"

"கடைசி வாரம் காலேஜ்ல குடுக்கோணும். எழுத்துப்பிழை இருந்தாத் திருத்திக்க. அப்பறம்..." என்று நிறுத்தினார்.

"அப்பறம் என்னங்ப்பா?"

"ஒண்ணுமில்ல. படிச்சுட்டு எப்படியிருக்குதுன்னு சொல்லு."

அவள் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

ஹாஸ்டலில் போய் உட்கார்ந்தபோது எல்லாம் எளிதாகத்தான் தெரிந்தது. முதல் வாரம் பதினோரு பக்கம் அடித்தாள். அப்பாவின் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தது. நடுவில் அம்புக்குறிகள், ஓரத்தில் குறிப்புகள், அடித்தல்கள். வார்த்தைகளை அடித்தாளே தவிர எதையும் படிக்கவில்லை. அதற்குள் வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் வந்தன. அவளுடைய சொந்த ப்ராஜெக்டும் பாக்கி இருந்தது. நோட்டுகள் பைக்குள் போய்விட்டன.

மார்ச் கடைசி வாரத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா போன் செய்தார். "அவசரமில்ல கண்ணு, ஆச்சான்னுதான் கேட்டேன்" என்றார். "ஆயிருச்சுங்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, அப்பாவின் நோட்டிலிருந்த அத்தியாயத் தலைப்புகளை மட்டும் ஏ.ஐ. செயலியில் போட்டு, எம்.ஏ. ஆய்வேடு ஒன்று தமிழில் எழுதித் தரச் சொன்னாள். தன் ப்ராஜெக்டின் பாதியையும் அவள் அதே மாதிரிதான் முடித்திருந்தாள். அறையில் உடனிருந்த மஞ்சுவும் அப்படித்தான். அது பெரிய காரியமாகவே படவில்லை. ஒரு மணி நேரத்தில் அறுபது பக்கம் சேர்ந்தது. வழுவழுவென்று, ஒரு பிழை இல்லாமல், பத்திரிகைத் தமிழில் இருந்தது. 'நேர்காணல்' என்ற பகுதியில் முத்தையா என்ற எண்பத்திரண்டு வயது சுரங்கத் தொழிலாளி இரண்டு பக்கம் பேசியிருந்தார். ராஜப்ரியா மேலோட்டமாகப் பார்த்தாள். அப்பாவின் பதினோரு பக்கம் இதோடு ஒட்டவில்லை என்று அதையும் எடுத்துவிட்டாள். அச்செடுத்து, நீல அட்டை போட்டு பைண்ட் செய்து, நான்கு பிரதிகளை ஊட்டிக்கு பார்சல் அனுப்பினாள்.

லோகு ஊட்டியில் பார்சலைப் பிரித்து, கல்லூரி வராந்தாவில் நின்றபடி, 'இது என் சொந்த உழைப்பில் உருவானது' என்று அச்சிட்டிருந்த உறுதிமொழிக்குக் கீழே நான்கு பிரதிகளிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாயந்திரம் போனில் பேசினார்.

"மொத அத்தியாயம் மட்டும் படிச்சேன் கண்ணு. ரொம்ப நல்லா வந்திருக்குது. நானா எழுதுனேன்னு எனக்கே தெரியல" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. ராஜப்ரியாவுக்குப் பரீட்சைகளுக்கு நடுவே சில நாள் இடைவெளி இருந்ததால் அவளும் ஊருக்கு வந்துவிட்டாள். மூன்று பேருமாக மஞ்சூரிலிருந்து காலை பஸ்ஸில் ஊட்டிக்குப் போனார்கள். சாந்தாமணி வாத்தியார்களுக்கென்று ஒரு டப்பா நிறைய வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். தேர்வு முடிந்த பிறகு கொடுக்கலாம் என்று அதை மகளிடம் தந்துவிட்டு, மார்க்கெட்டில் காய் வாங்கிவருவதாகச் சொல்லிப் போனாள்.

ராஜப்ரியா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈரத்தில் ஊறிப் புடைத்திருந்த கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே அப்பாவின் முதுகு தெரிந்தது. எதிரே அவருடைய வழிகாட்டி பேராசிரியர் பிராங்ளினும், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார் ஒருவரும்.

"நாற்பத்திரண்டாம் பக்கம். முத்தையான்னு ஒருத்தரோட நேர்காணல். இவரை எங்க பாத்தீங்க?" என்றார் அந்த அம்மையார்.

"எந்த ஊருங்க அவரு?" என்று லோகு கேட்டார்.

"அதைத்தான் நான் உங்களைக் கேக்கறேன்."

பக்கங்கள் புரளும் ஓசை கேட்டது. பிறகு அதே குரல். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதுல வெள்ளைக்காரங்க இந்த வேலைய ஆரம்பிச்சதா எழுதியிருக்கீங்க. நீங்க எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?"

"இருபத்தொம்பது வருசமுங்க."

"அப்ப இது சரியா தப்பா?"

"தப்புங்க. அம்பதுகள்லதானுங்க ஆரம்பிச்சாங்க. கனடாவிலிருந்து இன்ஜினியருங்க வந்திருந்தாங்க. அதெல்லாம் நான் விசாரிச்சு..." லோகு நிறுத்திவிட்டார்.

பெஞ்சில் இருந்த ராஜப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று.

பிராங்ளின் மெல்லத்தான் பேசினார். "லோகநாதன், இதை நீங்கதான் எழுதுனீங்களா? இல்ல, வேற யாராவது கம்ப்யூட்டர்ல எழுதிக் குடுத்தாங்களா? உண்மையைச் சொல்லிடுங்க."

எழுந்து உள்ளே போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மடியில் டப்பா இருந்தது. அதை எங்கே வைப்பது என்று பார்த்தாள். பெஞ்சில் இடம் இருந்தது. ஆனாலும் வைக்கவில்லை.

"யாருமில்லீங்க சார்" என்றார் லோகு. "நாந்தானுங்க. நேரம் பத்தாம இப்படிப் பண்ணிப்போட்டேன்."

அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கதவிடுக்கில் அவர் குனிந்து எழுதுவது தெரிந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டு மேஜையில் எழுதும்போது எப்படிக் குனிவாரோ அதே குனிவு. ராஜப்ரியா அசையவில்லை.

வெளியே வந்து, "முடிஞ்சுது. வா, டீ குடிக்கலாம்" என்றார் லோகு. மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. காய்ப்பையோடு வந்த சாந்தாமணி டப்பா அப்படியே இருப்பதைக் கவனித்தாள்.

"ஏனுங்க, குடுக்கலீங்களா?"

"ரெண்டு பேருக்கும் சர்க்கரையாம். வேண்டான்னுட்டாங்க. மார்க்கு பின்னால வருமாம்."

திரும்பும் பஸ்ஸில் ராஜப்ரியா அவர்களுக்குப் பின்சீட்டில் இருந்தாள். அப்பா அம்மாவுக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு, கேரட் விலையைக் கேட்டார், மழை வருமா என்றார். மஃப்ளருக்கு மேலே அவர் பிடரியில் நரை இத்தனை ஏறியிருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் காலை ஷிப்டுக்குச் சீக்கிரம் எழ வேண்டும் என்று படுத்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. லோகு வேலைக்குப் போன பிறகு சாந்தாமணி கச்சாயத்தைப் பங்கு பிரித்தாள். "ஆயம்மாளுக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. அப்பா பொஸ்தகத்துக்கு நெறைய விசயம் சொன்னது அந்தம்மாதான்."

ஆயம்மாள் மேட்டு லைனில் மகன் வீட்டில் இருந்தார். எழுபத்தேழு வயது. வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர், ராஜப்ரியா பேசியது கேட்காமல் கையால் சைகை காட்டி வலப்பக்கம் வந்து உட்காரச் சொன்னார்.

"இந்தக் காதுல சொல்லு. லோகு மகதானே நீயி?"

"ஆமாங்க."

"உங்கப்பன் காலேஜு இல்லாத எட்டு ஞாயித்துக்கெழம வந்தாப்பல. சொல்லாமயே தெரிஞ்சுக்கிட்டு, மொத நாள்லயே இந்தப் பக்கமா வந்து உக்காந்துக்கிட்டாப்பல." கச்சாயத்தை ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "பொஸ்தகம் ஆயிருச்சாமே. எம்பேரு வந்திருக்குதா?" என்றார்.

ராஜப்ரியா பேச்சை மாற்றி, "காது எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

ஆயம்மாள் அவளை வியப்பாகப் பார்த்தார். "அதைத்தானே உங்கப்பங்கிட்டச் சொன்னேன். எழுதிக்கிட்டுப் போனாப்பல. நீ இன்னும் படிக்கலியா?"

வீட்டுக்கு வந்து, பையின் அடியில் கிடந்த நோட்டுகளை எடுத்து ராஜப்ரியா முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அடுக்களையில் குக்கர் சத்தம் கேட்டது, அடங்கியது. சாந்தாமணி சாப்பிடக் கூப்பிட்டாள். அவள் போகவில்லை. முதல் நோட்டின் நடுவில் அது இருந்தது.

'சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன்பு மூன்று தரம் சங்கு ஊதும். மூன்றாவது சங்குக்கு எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அப்போது ஆயம்மாளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா கல் சுமக்கப் போய்விட்டால் ஒன்றரை வயதுத் தம்பியை இவர்தான் இடுப்பில் வைத்துக்கொள்வார். சங்கு ஊதினால் இரண்டு கையாலும் தம்பியின் காதைப் பொத்துவார். உங்கள் காதை யார் பொத்தினார்கள் என்று கேட்டேன். எனக்கு ரெண்டு கையிதானுங்களே என்றார். இதை நான் பார்த்த எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.'

சாய்ந்த எழுத்து இப்போது அவளைத் தடுமாற வைக்கவில்லை. அடுத்த பத்தியின் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'வருடம் சரியா? இசக்கிமுத்து அண்ணனிடம் கேட்கவும்.' அதற்குக் கீழே வேறு மையில்: 'கேட்டேன். அவர் வேறு வருடம் சொல்கிறார். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன்.' பக்கத்துக்குப் பக்கம் இப்படிக் குறிப்புகள் இருந்தன. யார் சொன்னது, எந்த நாள், எந்த வீடு, சொன்னவருக்கு அது நேரில் தெரியுமா, கேள்விப்பட்டதா. ஒரு இடத்தில் அரைப்பக்கத்தை அடித்துவிட்டு, 'இது நானாக நினைத்துக்கொண்டது, யாரும் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார்.

லோகு வரும்போது மணி மூன்று. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் ராஜப்ரியா துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, நோட்டை நான் இன்னிக்குத்தானுங்ப்பா படிச்சேன்."

அவர் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தார். நேரம் எடுத்துக்கொண்டு துடைத்தார். பிறகு, "எப்படியிருக்குது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் அவள் உடைந்துபோனாள். பதினோரு பக்கம் அடித்தது, பைக்குள் போட்டது, ஆயிற்று என்று பொய் சொன்னது, ஒரு மணி நேரத்தில் வரவழைத்தது, நேற்று வெளியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் அழுகையோடு சொன்னாள்.

"மொத அத்தியாயம் படிச்சப்பவே இது என்ர எழுத்தில்லைன்னு தெரிஞ்சுதுடா கண்ணு" என்றார் லோகு. "நாஞ் சொன்னதைத்தான் நீ நல்ல தமிழ்ல மாத்தியிருக்கறேன்னு நெனச்சேன். படிச்ச புள்ள, நான் எழுதுனது நல்லால்லைன்னு பட்டிருக்கும், எஞ்சங்கடம் பாத்து நீ சொல்லாம உட்டிருப்பேன்னு. கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சு."

"நல்லால்லைன்னு இல்லீங்ப்பா. படிக்கவே இல்ல. படிச்சிருந்தா மாத்தியிருக்க மாட்டேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப அந்த முத்தையா?"

"அப்படி யாரும் இல்லீங்ப்பா. அதுவாப் போட்டுக்கிச்சு."

"அதான பாத்தேன்" என்று லோகு மூச்சு விட்டார். "எனக்குத் தெரியாம இங்க ஒருத்தர் இருந்துட்டாரோன்னு நேத்து பஸ்ஸுல பூரா லைன் லைனா நெனச்சுப் பாத்துட்டே வந்தேன்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

"நாளைக்கு நான் போய் சார்கிட்டச் சொல்லிர்றேங்ப்பா."

"அதெல்லாம் வேண்டாம். படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது என்ர தப்பு. ஒனக்கு இன்னும் பரிச்சை பாக்கியிருக்குது. பேரு கெட்டுப்போச்சுன்னா வேலை கெடைக்கறது கஷ்டம். நான் வேலைல இருக்கறவன், எனக்கு ஒண்ணும் ஆகாது."

அடுக்களை வாசலில் சாந்தாமணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

"ரெண்டு பேருக்கும் சர்க்கரைன்னு சொன்னீங்க" என்றாள் கணவனிடம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு வருசம் உங்க பக்கத்துல உக்காந்து பாத்தேன் நானு. ஞாயித்துக்கெழம ஒண்ணுகூட ஊட்ல இருக்கல நீங்க. அத்தனையும் எழுதிப்போட்டு, எழுதலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க." குரல் உயரவில்லை. மகள் பக்கம் திரும்பினாள். "மொத பஸ்ஸுக்கு நான் எழுப்பி உடறேன். நோட்டை எடுத்துக்கிட்டுப் போ."

திங்கட்கிழமை காலை ராஜப்ரியா துறை அறையில் பிராங்ளின் முன்னால் நின்றாள். அவர் கேட்டுவிட்டு உடனே இளகிவிடவில்லை.

"உங்கப்பா எழுதிக் குடுத்த கடிதம் இங்க இருக்கு. நீங்க வந்து வேற சொல்றீங்க. இது உங்கப்பா எழுதுனதுன்னு நான் எப்படி நம்பறது? இந்த ரெண்டு நாள்ல எழுதிக் கொண்டுவந்திருக்கலாமே."

"படிங்க சார். அதுக்கப்பறம் சொல்லுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இடையில் ஒருவர் வந்து கூப்பிட்டதற்கு, பிறகு வருவதாகக் கைகாட்டினார். ஓரக் குறிப்புகளில் விரலை வைத்து வைத்துப் போனார். அரைமணி நேரத்துக்குப் பிறகு நோட்டை மூடினார்.

"இதுல ஒரு அத்தியாயத்தை நான் முன்னாடியே கேட்டு வாங்கிப் படிச்சிருக்கணும்" என்றார். "முப்பது பேரு, வாரத்துல ரெண்டு நாளு. கேக்காம விட்டுட்டேன். அது என் தப்பு." நோட்டின்மேல் கையை வைத்தபடியே இருந்தார். பிறகு, "உங்க ப்ராஜெக்டை யாரு எழுதுனாங்க?" என்றார்.

நோட்டு கொண்டுவந்த துணிப்பையை ராஜப்ரியா மடிக்க ஆரம்பித்தாள்.

"அது என் காலேஜ் இல்ல. கேக்கற உரிமை எனக்கில்ல. பதில் சொல்ல வேண்டாம்."

துறைக் கூட்டத்துக்கு லோகுவை வரச் சொன்னார்கள். அவர் போய், முதல் கடிதத்தில் எழுதியது உண்மையில்லை என்று இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அதற்கும் மன்னிப்புக் கேட்டார். கொடுத்திருந்த ஆய்வேடு ரத்தானது. உடன் படித்தவர்களோடு அவர் பட்டம் வாங்க முடியாது. நோட்டுகளைப் பார்த்ததால் மீண்டும் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

ராஜப்ரியா கோயமுத்தூர் திரும்பியதும் முதல் வேலையாகத் தன் துறை ஆசிரியையைப் பார்த்தாள். அவள் ப்ராஜெக்ட், சிறு மளிகைக் கடைகள் பற்றியது. அறுபது கடைக்காரர்களிடம் கேட்டதாக எழுதியிருந்தாள். உண்மையில் பார்த்தது ஒன்பது பேரை. மீதி ஐம்பத்தொரு பேரும் முத்தையாவைப் போலத்தான். ஆசிரியை கோபப்பட்டார். "இப்ப வந்து ஏன் சொல்றே?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு ஒன்பது பேரை மட்டும் வைத்துத் திரும்ப எழுதச் சொன்னார். ஒன்பது பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற ஒரு வரியோடு அந்த ப்ராஜெக்ட் முடிந்தது. பாஸ் மார்க்குக்கு மேலே நான்கு மார்க் வந்தது. முதல் வகுப்பு போயிற்று. அதைப் போனில் சொன்னபோது, "அந்த ஒம்பது பேரு யாரு யாரு?" என்று லோகு கேட்டார். அவள் ஒவ்வொருவரையும் பற்றிச் சொன்னாள். கடைசிவரை கேட்டார்.

மே, ஜூன் இரண்டு மாதமும் வீட்டு மேஜையில் அவள் அடித்தாள். லோகு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார்.

"இந்த எடத்துல 'கூறினார்'னு மாத்தட்டுங்களா?"

"ஆயம்மா எங்க கூறுனாங்க? சொன்னாங்க. சொன்னாங்கன்னே போடு."

சில வாக்கியங்களை அவளாக நன்றாக்கிப் படித்துக் காட்டுவாள். நன்றாக இருந்தாலும், "அப்படி நான் நெனைக்கலியே" என்பார். அழித்துவிடுவாள். அடித்த பக்கங்களை எடுத்துக்கொண்டு இருவரும் மேட்டு லைனுக்குப் போய், ஆயம்மாளின் வலக்காதருகே உட்கார்ந்து, அவரைப் பற்றிய பகுதியை முழுதும் படித்துக் காட்டினார்கள். தம்பியின் வயதை மட்டும் அவர் திருத்தினார். இரண்டு வயதுக்கு ஒரு மாதம்தான் குறைவாம்.

ஜூலையில் ராஜப்ரியாவுக்குக் குன்னூரில் ஒரு தேயிலை வியாபார அலுவலகத்தில் பயிற்சி வேலை கிடைத்தது. நவம்பரில் அப்பாவுக்கு இரண்டாவது தேர்வு நடந்தபோது அவளுக்கு லீவு இல்லை. மத்தியானம் போன் வந்தது. பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

"எழுவத்தொண்ணு போட்டிருக்காங்க கண்ணு. அதே அம்மாதான் வந்திருந்தாங்க. ஒண்ணரை மணி நேரம் கேட்டாங்க."

"என்னங்ப்பா கேட்டாங்க?"

"எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். ஒண்ணுக்குத்தான் முடியல. சுரங்க வேலை நடந்தப்ப அந்தப் பொம்பளைங்களுக்கெல்லாம் பிரசவம் எங்க ஆச்சுன்னு கேட்டாங்க. நான் அதை யாருகிட்டயும் கேக்கவேயில்ல பாரு."

"என்ன சொன்னீங்க?"

"தெரியலீங்கன்னு சொன்னேன். விசாரிக்கறேன்னு சொன்னேன். பரிச்சை முடிஞ்சுது, இனி விசாரிச்சு என்ன பண்றதுன்னு பிராங்ளின் சார் சிரிக்கறாரு." ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. "கெத்தைப் பக்கம் சின்னம்மைன்னு ஒரு அம்மா இருக்காங்களாம். அவுங்கம்மாதான் அந்தக் காலத்துல பிரசவம் பாத்ததாம். இந்த ஞாயித்துக்கெழம போலாம்னு இருக்கறேன்."

"நானும் வர்றேங்ப்பா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மலைச்சரிவில் நான்கே வீடுகள் இருந்த இடம். சின்னம்மை ரவிக்கை போடாமல் சேலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். வெற்றிலையை மென்றுகொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதறது யாரு, நீங்களா, புள்ளையா?"

லோகு பெஞ்சில் நகர்ந்து அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் இடம் விட்டார். ராஜப்ரியா அங்கே போய் உட்கார்ந்தாள். மடியில் நோட்டை விரித்து, தேதியைப் போட்டு, ஊர்ப் பெயரை எழுதினாள்.

"உங்க முழுப்பேரு சொல்லுங்க" என்றாள்.